தண்ணீர் வரவில்லை என்று சொல்ல அனுமதி வேண்டும்: ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தமிழகக் கடற்கரையில் ஊர் மக்களின் பங்கேற்போடு இயங்கும் சிறிய சமுதாய வானொலி ஒன்றில் ஒலிப்பதிவும் ஒலித்தொகுப்பும் செய்கிற தன்னார்வலர் எழுதுகிறேன். ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துத் தருவது தவிர வேறு செய்தி எதையும் சமுதாய வானொலிகள் சொல்லக் கூடாது என்ற விதி உங்களுடையது. அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது எங்கள் ஊரில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சென்ற மாதம் உள்ளாட்சி நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நான்கு தெருக்களுக்கு மறுநாள் அதிகாலை குடிநீர் வரும் என்றது. நிர்வாகம் தருகிற குடிநீர், மின்சார அறிவிப்புகளைச் சொல்ல விதியில் இடமுண்டு என்பதால் ஒன்றுக்குப் பலமுறை சொன்னோம். பெண்கள் விடியும் முன்பே குழாயடியில் குடங்களை வரிசை வைத்தார்கள். தண்ணீர் வரவில்லை. மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. அன்றைய வியாபாரம் போனது. அதற்கு மேல் தள்ளுவண்டிக்காரரிடம் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிய செலவும் சேர்ந்தது.

ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போனேன். கடற்காற்றின் இரைச்சல் பதிவில் ஏறாதபடி ஓர் அக்கா முந்தானையை மைக்கின் மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “வரும் என்று ரேடியோவில் நீங்கள்தானே சொன்னீர்கள், தம்பி? வரவில்லை என்பதையும் நீங்கள்தானே சொல்ல வேண்டும்?”

அதை ஒலிபரப்ப எங்கள் நிலையம் துணியவில்லை. நிர்வாகம் சொன்னால் அறிவிப்பு, அந்த அக்கா சொன்னால் செய்தி; செய்தி என்றால் உரிமத்துக்கே ஆபத்து. பொறுப்பாளரின் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அச்சத்தை அவருக்குக் கொடுத்தது உங்கள் விதி.

பேச்சுக்கு வழியில்லை என்றதும் அந்தப் பெண்கள் கும்மி கட்டினார்கள். காலிக் குடத்தையே கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார்கள்.

குழாய்க்குக் கீழே குடமிருக்க,
குடத்துக்குள்ளே காற்றிருக்க,
வருகுதென்று சொன்ன தண்ணீர்
வழிமறந்து போனதென்ன?

அடுத்த அடிகளில் தெருவின் பெயரும் கிழமையும் வந்தன. அவற்றை நீக்கச் சொன்னார்கள் எங்கள் நிலையத்தில், நீக்கிவிட்டுத்தான் ஒலிபரப்பினோம். பாட்டு நன்றாக இருந்தது என்று பக்கத்து ஊரிலிருந்து கூடப் பாராட்டு வந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அடிதான் வெட்டுப்பட்டுவிட்டதே! அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து நான் என்ன பதில் சொல்வது?

ஊர்க்குறையை ஊரே சொல்ல அனுமதி கொடுங்கள். நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாட்டின் முதல் சமுதாய வானொலி 2004-இல் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தர முன்வந்தீர்கள். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றும் நீங்களே வகுத்தீர்கள். நல்ல விதி அது, மனமாரச் சொல்கிறேன். ஆனால் உள்ளூர் மக்கள் வந்து உட்கார்ந்தால் உள்ளூர்ப் பாடுகளைத்தானே பேசுவார்கள்? 2024-இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தினீர்கள். அந்த வருமானம் எங்களுக்குத் தேவைதான். சோப்புக்கும் நகைக்கடைக்கும் மணிக்கு 12 நிமிடம் உண்டு, குடிதண்ணீர் இல்லாத தெருவுக்கு ஒரு நிமிடமும் இல்லை என்பதை எப்படி ஏற்பது?

கழிப்பறை விழிப்புணர்வுக்கும் தடுப்பூசிக்கும் வாக்களிக்கச் சொல்வதற்கும் இதே பெண்கள்தான் பாடினார்கள். அப்போது அவர்களின் குரல் மக்கள் குரல் என்று போற்றப்பட்டது. அரசின் திட்டத்தைப் பாடத் தகுதியுள்ள குரலுக்குத் தன் வீட்டுக் குடத்தைப் பாடத் தகுதியில்லையா? கைப்பேசி வைத்திருக்கும் எவரும் நேரலையில் உலகத்துக்கே செய்தி சொல்லும் காலம் இது. உரிமம் பெற்று, ஒலிபரப்பியதைப் பதிவாக வைத்திருந்து, உங்களுக்குக் கணக்குச் சொல்கிற எங்களைத்தான் வாயைக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் சொற்கள் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். தனியார் பண்பலைகளுக்கு மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி தர அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023-இல் பரிந்துரைத்திருக்கிறது. வணிக நிலையங்களுக்குப் பொருந்தும் நியாயம் எங்களுக்கும் பொருந்தட்டும். நிகழ்ச்சி விதிகளுக்கு உட்பட்டு உள்ளூர்ச் செய்தி சொல்லச் சமுதாய வானொலிகளுக்கு அனுமதி அளியுங்கள். விதியைத் திருத்தக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். தன் தெருவின் குடிநீர், மின்சாரம், சாலை, ரேஷன் கடை பற்றி ஒருவர் தன் குரலில், ஊர்ப் பெயரோடு சொல்வது விதிமீறல் ஆகாது என்று அதில் எழுத்துப்பூர்வமாக இருந்தால் போதும். எங்கள் பொறுப்பாளருக்குத் துணிவு வந்துவிடும். வெட்டிய அடிகள் பத்திரமாக இருக்கின்றன. அனுமதி வந்த அன்றே முழுப் பாட்டையும் ஒலிபரப்புவோம்.

பணிவுடன்,
ஒரு சமுதாய வானொலித் தன்னார்வலர்