வேலூர் ஜவுளிக்கடை, நகைக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்: கையில் பச்சை குத்தியவர்களையும் வேலைக்கு எடுங்கள்

மதிப்புக்குரிய முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு ஆள் எடுக்கும் நேரம் இது. லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன், காட்பாடி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிறது. வயது, படிப்பு, சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கையில் பச்சை குத்தியிருந்தால் வேலை கிடையாது என்று மட்டும் எந்த போர்டிலும் எழுதவில்லை. ஆனால் உங்களில் பலருடைய கடைகளில் அந்த விதி இருக்கிறது. பேட்டிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு அது தெரியவருகிறது. அந்த எழுதாத விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காட்பாடியில் டேலி என்கிற கணக்கு மென்பொருள், பில்லிங் இரண்டுக்கும் வகுப்பு எடுக்கிறேன். லத்தேரி, கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள்தான் அதிகம். பெரிய கம்பெனி வேலை உடனே கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கடையில் பில் போடுகிற வேலையோ புடவை செக்‌ஷனில் ஒரு வேலையோ கிடைத்தால் அந்த மாதமே வீட்டுக்குப் பணம் போகும். அந்தக் கணக்கை வைத்துத்தான் வகுப்புக்கே பணம் கட்டுகிறார்கள். உங்கள் கடைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் அந்த வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும்போது மனசு பொறுக்கவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண், பி.காம். முடித்தவள். இடது மணிக்கட்டின் உள்பக்கம், வாட்ச் பட்டை அகலத்துக்கு, இறந்துபோன அப்பாவின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாள். ஒரு கடையில் பேட்டிக்குப் போனாள். பில் போட்டுக் காட்டச் சொன்னார்கள், தப்பில்லாமல் போட்டாள். வாடிக்கையாளர் துணியை மாற்றிக் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள், அதற்கும் சரியாகப் பதில் சொன்னாள். ஆதார் நகலை நீட்டும்போது கை தெரிந்துவிட்டது. "பச்சையா? எங்க கடைக்கு இது ஆகாதும்மா. கஸ்டமர் ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்று அடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மிஸ், லேசர்ல எடுக்க எவ்ளோ ஆகும்?"

லேசர் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'வேலை வேணும்னா அழிச்சுட்டு வா' என்று லேசாகச் சொல்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஸ்லேட்டுப் பலகையில் எழுதியதைத் துடைப்பது போல் அது நடக்காது. தோலின் உள் அடுக்கில் தங்கியிருக்கும் மையை லேசர் துகள் துகளாக உடைக்கும். உடைந்ததை உடம்புதான் மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் பல வாரம் காத்திருக்க வேண்டும், அப்படிப் பல தடவை போக வேண்டும். கறுப்பு மை ஓரளவு போகும். பச்சை, மஞ்சள் நிறங்கள் லேசில் போகாது. நம் நிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ நின்றுவிடவும் வாய்ப்பு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து சம்பாதிக்கப் போகிற பல மாதச் சம்பளத்தை, சேருவதற்கு முன்பே அதில் கொட்ட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

சரி, கஸ்டமர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்கிறீர்களே, உங்கள் கஸ்டமர் யார்? முகூர்த்தப் புடவை எடுக்க குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் வேன் வைத்துக் குடும்பத்தோடு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். எல்லாப் புடவையும் அவர் கைக்குப் போய்த்தான் திரும்பும். அந்தக் கையைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே கோலம், தேள், புள்ளி வரிசை, சிலருக்குப் புருஷன் பெயர். குறவர் வீட்டுப் பெண்கள் தெருத்தெருவாக வந்து குத்திவிட்டுப் போனது. அகத்தி இலையையும் மஞ்சளையும் துணியில் சேர்த்துத் திரித்து, விளக்கில் எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து மை செய்வார்கள். நகையும் நிலமும் இங்கேயே தங்கிவிடும், போகும்போது கூட வருவது பச்சை மட்டும்தான் என்று சொல்லிக் குத்திக்கொண்டார்கள் அந்தத் தலைமுறைப் பெண்கள். அந்தப் பாட்டிக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து உபசரிக்கிறீர்கள். அது நல்ல பழக்கம். அவருடைய பேத்தி அதே மாதிரி கையோடு வேலை கேட்டு வந்தால் மட்டும் ஏன் கடையின் பெயர் கெட்டுப்போகும்?

பையன்கள் விஷயம் இன்னும் கடினம். பெண்ணின் கையில் இருந்தால் 'நாகரிகம்' என்று முகம் சுளிக்கிறீர்கள், பையன் கையில் இருந்தால் 'ரவுடி' என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் போன்ற கூட்டத்தில் பதினேழு பதினெட்டு வயதில் ஒரு மெஷினுக்கு முன்னால் கையை நீட்டி அம்மா பெயரையோ சூலத்தையோ சிங்கத்தையோ குத்திக்கொண்டு வருகிற பையன்கள் எத்தனையோ பேர். அதற்கும் அவன் குணத்துக்கும் சம்பந்தமில்லை. கல்லாவில் நேர்மையாக இருப்பானா என்பதற்கு அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள், ஊரில் விசாரியுங்கள். கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தொற்று வரும் என்று ஒரு மேலாளர் என்னிடமே சொன்னார். ஆறிப்போன பச்சையிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஆபத்து எல்லாம் குத்துகிற நேரத்து ஊசியில்தான். ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டால் மஞ்சள்காமாலைக் கிருமியோ எச்ஐவியோ பரவலாம். சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊர் இது. ரத்தம் கொடுக்கப் போகும்போது சமீபத்தில் பச்சை குத்தினீர்களா என்று கேட்பது அதற்காகத்தான்.

உங்கள் பயத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. சாதி அடையாளத்தைப் பெரிதாகக் கையில் குத்திக்கொண்டு கவுண்டரில் நிற்கிறான் என்றால், எதிரில் வந்து நிற்கிற வேறு சாதிக்காரருக்கு அது உறுத்தும், பயமுறுத்தவும் செய்யும். நம் மாவட்டத்தில் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஆபாசப் படம், இன்னொரு மதத்தைத் திட்டும் வாசகம், கத்தி ரத்தம் என்று மிரட்டுகிற படம், இவையும் அப்படித்தான். இவை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். முகத்தில் குத்தியவரை முன் கவுண்டரில் நிறுத்தத் தயக்கம் என்றாலும் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் அப்பா பெயரையும் அம்மன் சூலத்தையும் ஒரு பூவையும் இவற்றோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வெளியே தள்ளுவது நியாயமில்லை.

எதைக் குத்தியிருக்கிறார், எங்கே, எவ்வளவு பெரிதாக என்று பிரித்துப் பார்ப்பது முடியாத காரியமா? கணியம்பாடிப் பக்கத்து கம்மவான்பேட்டையில் விசாரித்தால் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியக் காவல் படைகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பில் பச்சைக்கென்றே தெளிவான விதி இருக்கிறது. மதச் சின்னமோ உருவமோ பெயரோ இருக்கலாம். இடது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோ இருக்கலாம், வலது கை சல்யூட் அடிக்கிற கை என்பதால் அந்த முன்கையில் கூடாது. அளவு, அந்த உறுப்பின் பகுதியில் கால்வாசிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். துப்பாக்கியைக் கையில் கொடுக்கிற வேலைக்கே இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சையைப் பொறுத்தவரை என் மாணவிக்கு அங்கே தடையில்லை. துணிக்கடையில் பில் போடத்தான் தடை.

வெளிநாட்டிலும் கடைக்காரர்கள் இதே தயக்கத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனம் 2014-ல் ஊழியர்களின் பச்சை வெளியே தெரியலாம் என்று அனுமதித்தது, முகத்திலும் கழுத்திலும் மட்டும் கூடாது என்று வைத்துக்கொண்டது. ஏர் நியூசிலாந்து விமான நிறுவனம் 2019-ல் அனுமதித்ததற்கு முக்கியமான காரணமே அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்கள்தான். முன்னோர் வழியைச் சொல்லும் பச்சையை உடம்பில் தாங்கியவர்களை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தமாட்டோம் என்று தன் நாட்டுக்குள்ளேயே சொல்ல முடியாத நிலை அந்த நிறுவனத்துக்கு வந்தது. நம் பாட்டிமார் கையில் இருப்பதும் அப்படி ஒரு வழிவந்த விஷயம்தானே?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கோட்டையைப் பார்த்தபடி கடை நடத்துகிறவர்கள் நீங்கள். 1806 ஜூலை 10-ல் அந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நெற்றியில் குறி வைக்கக் கூடாது, காதில் கடுக்கன் போடக் கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று வந்த உத்தரவு. தளபதி ஜான் கிரடாக் காலத்து உத்தரவு அது. பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். கிரடாக்கையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உயிர் போன அந்தச் சம்பவத்தையும் கடை வேலையையும் ஒரு தட்டில் வைக்கக் கூடாது, வைக்கவும் இல்லை. வேலை கொடுக்கிறவர் வேலைக்காரரின் உடம்பில் எதுவரை கைவைக்கலாம் என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

பச்சை குத்தியவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் கடைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால்தான் வழக்கு என்று போகாமல் மடல் எழுதுகிறேன். ஆனால் உங்களால் மாற முடியும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து, கால் வீங்கி, நரம்பு சுருண்டு போன பெண்களை நம் கடைகளில் எத்தனை வருஷம் பார்த்தோம்? 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தால் கஸ்டமர் மதிக்கமாட்டார் என்றுதான் அதற்கு முன் சொல்லிவந்தோம். இருக்கை போட்ட கடைகளில் யாரும் அந்தக் காரணத்துக்காகப் புடவை வாங்காமல் எழுந்து போகவில்லை.

நான் கேட்பது இதுதான். பச்சை பற்றி உங்கள் கடையின் விதி என்ன என்பதை எழுதுங்கள். எது கூடாது என்பதைப் படத்தையும் வாசகத்தையும் வைத்துச் சொல்லுங்கள், 'பச்சையே கூடாது' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். எழுதியதை 'ஆட்கள் தேவை' போர்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பஸ் காசு செலவழித்து வந்து அவமானப்பட்டுத் திரும்புவதாவது மிச்சமாகும். மறைத்துக்கொண்டு வேலை செய்யட்டும் என்று நினைத்தால், எல்லாருக்கும் ஒரே மாதிரி முழுக்கை யூனிஃபார்ம் கொடுங்கள். வேலூர் வெயிலில் பச்சை குத்திய ஒரு பெண்ணை மட்டும் முழுக்கை போடச் சொல்வது தண்டனை. அப்புறம், ஏற்கெனவே வேலையில் இருப்பவர் புதிதாகக் குத்திக்கொண்டு வந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பாதீர்கள். அவருக்கு விதி தெரியுமா என்று முதலில் பாருங்கள்.

யாராவது வாடிக்கையாளர் முகம் சுளித்தால், 'நல்லா வேலை செய்யிற பொண்ணுங்க' என்று மேலாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

என் வகுப்பில் இப்போது படிக்கிற பிள்ளைகள் புரட்டாசி பிறக்கும்போது முடித்துவிடுவார்கள். அதற்கு முன் உங்கள் கடையின் முடிவைச் சொன்னால், யாரை எங்கே அனுப்புவது என்று நான் தெரிந்துகொள்வேன். நேரில் பேச வேண்டும் என்றாலும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வியாபார நாள். வேறு எந்த நாள் காலையிலும், கடை திறக்கிற நேரத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு டேலி ஆசிரியை