செவலையின் பேரைக் கேட்ட சிஸ்டருக்கு

ஊர்க்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். என் மகன், எங்கள் தம்பி, நல்லா இருக்கான். நேற்றுக் காலை வீட்டுக்கு வந்துவிட்டோம். தலையில் அடிபட்ட அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது தெருவுக்கே தெரியும், நடந்ததைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கூப்பிட்டதும் காரை எடுத்த மேலத்தெரு அண்ணன், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒதுங்கி எங்களை முன்னால் விட்டவர்கள், அன்றைக்கு என் வயலுக்கு மடை பார்த்துக்கொண்ட பங்காளிகள், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக அந்த ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு. பேர் கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் தம்பியிடம் பேர் கேட்டார், ஊர் கேட்டார். அவன் பாட்டி முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15 என்று, அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். பேச்சுக்கான அந்த 5-இல்தான் இடித்தது. வாய் திறக்காதது பயத்திலா, அடிபட்டதாலா? சிஸ்டர் எங்கள் அம்மாவிடம் திரும்பி, "வீட்ல யாரோட அதிகமாப் பேசுவான் பாட்டி?" என்று கேட்டார்.

"மாட்டோடதாம்மா."

உடனே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்க வீட்டுக் காளைக்கன்னு பேரு என்னடா தங்கம்?" என்றார்.

முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "காளை இல்ல, கிடாரி." கொஞ்சம் பொறுத்து, "செவலை."

மயக்கம் இல்லை, வாந்தியும் ஒரு தடவைதான், சின்னப் பிள்ளைக்கு ஸ்கேன் கதிர்வீச்சை வீணாகக் கொடுக்க வேண்டாம், 6 மணி நேரம் பார்ப்போம் என்றார் டாக்டர். மறுபடி வாந்தி எடுத்தாலோ, எழுப்பி எழுந்திருக்காவிட்டாலோ உடனே எடுத்துவிடலாமாம். "காசு போனாப் போகுது, இப்பவே எடுங்க" என்று கத்தினேன். மன்னிச்சிடுங்க டாக்டர்.

அரை மணிக்கு ஒரு தரம் சிஸ்டர் டார்ச்சோடு வந்து கண்ணைப் பார்ப்பார். அப்புறம் வேண்டுமென்றே ஒரு தப்புக் கேள்வி. செவலைன்னா கறுப்புதானே? அதுக்கு மூணு கொம்பாமே? ஒவ்வொன்றையும் இவன் திருத்தினான். கடைசித் தடவை, "தூங்க விடுங்க அத்தை" என்று அதட்டியே விட்டான். சிஸ்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் சாயுங்கண்ணே" என்றார்.

செவலை சினை பிடித்துக் கன்று போட எப்படியும் இரண்டு வருஷமாவது ஆகும். முதல் சீம்பால் தூக்கு உங்களுக்குத்தான் சிஸ்டர். தம்பிதான் கொண்டுவந்து தருவான்.