விடுப்பை ரத்து செய்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் சண்டை நடந்த நாட்களில் டெல்லி அரசு தன் ஊழியர்களின் விடுப்பை ரத்து செய்தது. எய்ம்ஸிலும் அதே உத்தரவு. ஏற்கனவே ஆள் பற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டர்களிடமே ‘இன்னும் கொஞ்சம் ஓடுங்கள்’ என்பதுதான் நமக்குத் தெரிந்த போர்க்கால ஏற்பாடு போலிருக்கிறது. படித்து, வேலை பார்த்து, இப்போது வீட்டில் இருக்கும் நர்ஸ்கள் யார் கணக்கிலும் வரவில்லை.

நான் நாகர்கோவில்காரி, இப்போது டெல்லியில் இருக்கிறேன். ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ முடித்து, பெரும்பாலும் கேசுவால்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) வேலை பார்த்தவள். மாமியார் படுத்த படுக்கையானபோது வேலையை விட்டேன். அவர் காலமாகிவிட்டார், மகனும் கல்லூரிக்குப் போகிறான். மே 7 இரவு ஒத்திகைக்காகப் புதுடெல்லியில் விளக்கணைத்தார்களே, மறுநாள் காலையிலேயே சான்றிதழ்களோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். நர்சிங் சூப்பரிண்டெண்ட் அன்பாகத்தான் பேசினார். ஆனால் என் பதிவு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் இருக்கிறது, அதுவும் புதுப்பிக்காமல். அதைப் புதுப்பித்து, சென்னையிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, டெல்லி கவுன்சிலில் பதிந்த பிறகுதான் வார்டுக்குள் கால் வைக்கலாமாம். 10-ம் தேதி சண்டையே நின்றுவிட்டது.

விதி தப்பு என்று சொல்ல வரவில்லை. பதிவில்லாத ஒருவர் என் பிள்ளைக்கு ஊசி போட வந்தால் நானே விடமாட்டேன். ஆனால் அவசரத்துக்கென்று ஒரு வழி முன்பே திறக்கப்பட்டதுதானே? 2021 மே, கொரோனா இரண்டாம் அலையில், பி.எஸ்சி., ஜி.என்.எம். படித்தவர்களை மூத்த செவிலியர்களின் மேற்பார்வையில் முழுநேரக் கொரோனா பணிக்கு எடுக்கலாம் என்று மத்திய அரசே சொன்னது. 100 நாள் பணி முடித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்றும் அறிவித்தது. கிருமிக்கு முடிந்தது குண்டுக்கு முடியாதா?

போர்க்கால நர்ஸ் என்றதும் எல்லையில் கூடாரம்தான் பலர் மனதில் வருகிறது. அங்கே ராணுவச் செவிலியர்கள் இருக்கிறார்கள். நகரத்தின் கவலை வேறு. குண்டு விழுந்தாலும் டயாலிசிஸ் நிற்காது, பிரசவ வலி காத்திருக்காது. எங்களைப் போன்றவர்கள் சாதாரண வார்டைப் பார்த்துக்கொண்டால், தினமும் கைப்பழக்கம் உள்ள சிஸ்டர்களைக் கேசுவால்டிக்கு அனுப்பலாம். முதல் நாளே எங்களை வென்டிலேட்டர் பக்கம் விட வேண்டாம். மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப், கணினிப் பதிவு எல்லாம் மாறியிருக்கும், பழக வேண்டும். ரத்தப்போக்கை அழுத்திப் பிடிப்பதும், யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதும் மறந்துவிடவில்லை.

குடும்பத்துக்காக வெளியே போன நர்ஸ் போனவள்தான் என்ற நினைப்பு இங்கே பழையது. கல்யாணம் செய்துகொண்டதற்காக ராணுவச் செவிலியர் பணியிலிருந்து 1988-ல் அனுப்பப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 ஆனது. எங்களை யாரும் துரத்தவில்லை, அது வேறு விஷயம். ஆனால் திரும்பி வரும் வழி எங்களுக்கும் குறுகலாகத்தான் இருக்கிறது.

1947-ன் செவிலியர் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். விதிமுறைகளில் ஒன்றைச் சேர்த்தால் போதும்: பணியிலிருந்து விலகிய நர்ஸ்களுக்கு அமைதிக் காலத்திலேயே ஒரு குறுகிய மறுபயிற்சி, எந்த மாநிலத்திலும் செல்லும் தற்காலிகப் பதிவு. சண்டை தொடங்கிய பிறகு சென்னைக்கும் டெல்லிக்கும் தபால் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆர்.கே. புரத்தில் உள்ள டெல்லித் தமிழ்ச் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இடம் கொடுங்கள். முனீர்கா, மயூர் விஹார், கரோல் பாக் பக்கம் வீட்டிலிருக்கும் தமிழ் நர்ஸ்கள் யார் யார், யாருடைய பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை நாங்களே எடுத்துத் தருகிறோம்.

- ஒரு செவிலியர் (பெயர் வெளியிட வேண்டாம்),
முனீர்கா, புதுடெல்லி