மறியல் செய்தாரா, மறியலில் இருக்கிறாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் 'இலங்கையில் ராமேசுவரம் மீனவர்கள் மறியல்' என்று நாலு காலத்துக்குத் தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதில் ஒருவர் என் அக்காள் வீட்டுக்காரர். காலையில் டீக்கடைக்குப் போனால், "உங்க மச்சான் அங்கேயும் போய் ரோட்டை மறிச்சுட்டாராமே" என்று சிரிக்கிறார்கள். மச்சான் எந்த ரோட்டையும் மறிக்கவில்லை ஐயா. 14 நாள் விளக்கமறியல் என்று சொல்லி உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறை. விசாரணைக்காக அடைத்து வைப்பது விளக்கமறியல். நாம் நீதிமன்றக் காவல் என்கிறோமே, அதுதான். பாம்பனில் பள்ளிக்கூடம் பக்கமே போகாத கிழவிக்கும் இது தெரியும். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் நின்ற கள்ளுக்கடை மறியல் ஞாபகத்துக்கு வந்து, 'விளக்க' எதற்கு என்று வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

என் மனைவிக்குக் குளச்சல் பக்கம். அங்கே வண்டி மறிந்தது என்றால் கவிழ்ந்தது என்று அர்த்தம். நல்லவேளை, உங்கள் நிருபர் அந்தப் பக்கம் போகவில்லை. தொல்காப்பியத்தில் ஆட்டுக்குட்டிக்கும் மறி என்றுதான் பெயர். சரி, அது வேண்டாம்.

போன வருடம் 'பேருந்தை மரித்த மாணவர்கள்' என்று போட்டீர்கள். சின்ன ர போட்டுப் பிள்ளைகளைச் சாகடித்ததற்கு நான் எழுதிய கார்டு என்ன ஆயிற்றோ. அப்புறம் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு படம்: 'மீனவர்கள் ஓய்வு'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். வாங்கின கடனுக்கு வட்டி நிற்குமா? படத்தில் இருந்தவர் மடியில் கிழிந்த வலை கிடந்தது, கால் கட்டைவிரலில் நூலை மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தார். அதுவா ஓய்வு?

உங்களை நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. விளக்கமறியல் என்று வந்தால் பக்கத்தில் நீதிமன்றக் காவல் என்று போடுங்கள். போன வாரச் செய்திக்கு இரண்டு வரித் திருத்தம் போதும், ஆனால் அதே பக்கத்தில் வரட்டும். மச்சான் பெயர் அச்சில் வந்திருக்கிறதே என்று அக்காள் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தலைப்பில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பாம்பன் வாசகன்