ஏரிக்கரைக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே,

வணக்கம். கரை அரிகிறது என்று புகார் வந்ததும் உங்கள் தாளில் முதலில் விழும் கோடு பெரும்பாலும் செங்குத்தாக இருக்கிறது. ஒரு கான்கிரீட் சுவர். அந்தக் கோட்டைப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

செங்குத்துச் சுவரில் மோதும் அலை அடங்குவதில்லை, திரும்புகிறது. வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்தால் சுவரடியில் உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். அது அடிமண்ணைத் தோண்டித் தோண்டி, கடைசியில் சுவரையே சாய்க்கும். சுவர் முடியும் முனையில் அரிப்பு பக்கத்துக் கரைக்குத் தாவும். அப்புறம் அங்கேயும் ஒரு சுவர் கேட்பார்கள்.

அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் கால்பங்காகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. கரையோரக் கோரையும் நாணலும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. தண்டு அலையை உடைக்கும், வேர் மண்ணைப் பிடிக்கும். மீன்குஞ்சு ஒளிவதும், தட்டான் அந்தத் தண்டைப் பற்றி ஏறிச் சிறகு விரிப்பதும், ஆமை முட்டையிடக் கரையேறுவதும் முழங்கால் அளவு தண்ணீரும் மண்ணும் கலக்கும் அந்த விளிம்பில்தான். சுவர் அதை ஒரே வெட்டாக வெட்டிவிடுகிறது. என்னால் தாங்க முடியாதது இதுதான்.

எல்லா இடத்திலும் நாணல் போதாது, சரி. காற்று தடையின்றி நீர்மேல் வீசும் தூரம் கூடக்கூட அலையும் வளரும். ஒதுக்கமான சிறு குடாவில் தென்னைநார் உருளைகளை ஊன்றி நாற்று நட்டால் போதும். நார் மட்குவதற்குள் வேர் பிடித்துவிடும். திறந்த கரைக்குக் கல் வேண்டும்தான். அதைச் சரிவாக அடுக்குங்கள். அடியில் மண் கசியாதபடி சரளை பரப்புங்கள், இடுக்குகளைச் சிமெண்டால் பூசாதீர்கள். கல் அடிவாரத்தோடு நிற்கட்டும், மேலே செடிகள் வளரட்டும்.

ஒரு நாள் அளந்த நீர்மட்டத்தை நம்பி வரையாதீர்கள். வட அமெரிக்காவின் மிச்சிகன்-ஹியூரான் ஏரியின் மட்டம் 2013 ஜனவரியில் இருந்ததைவிட 2020 கோடையில் ஏறக்குறைய ஆறு அடி உயர்ந்திருந்தது.

சில இடங்களில் அரிப்புக்குக் காரணம் படகு கிளப்பும் அலை, அல்லது மேட்டிலிருந்து வழியும் மழைநீர். அங்கே படகின் வேகத்தைக் குறைப்பதும், வடிகாலைத் திருப்பிவிடுவதுமே தீர்வு. அதனால் உங்கள் அடுத்த திட்ட அறிக்கையில், எதையும் கட்டாமல் காரணத்தை மட்டும் சரிசெய்யும் வழியை முதல் பக்கத்திலேயே வையுங்கள். அது ஏன் போதாது என்று காட்டிய பிறகு கல்லுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் நடக்கும் ஒருவர்