வாள் எங்கே போனது என்று கேட்டால் தப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ படங்களுக்கு இரண்டாம் பாகம் வந்தால் உடுப்பு மாறிவிட்டது, ஆயுதம் மாறிவிட்டது என்று ரசிகர்கள் மல்லுக்கட்டுவதை, போன இதழின் சினிமாப் பக்கத்தில் ‘வேலையற்ற வேலை’ என்று எழுதியிருந்தீர்கள். மீனாட்சியம்மன் கோயில் எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவன் நான். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய சமயம் எனக்குக் கண்ணும் மங்கிவிட்டது. தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். உங்கள் வரியைப் படித்ததும் சுருக்கென்றது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் பேரனும் அவன் கூட்டாளிகளும் அடித்துக்கொள்வது ‘வொண்டர் வுமன் 1984’ படத்துக்காக. 2020-இல் வந்த படம், சண்டை இன்னும் ஓயவில்லை. 2017-இல் வந்த முதல் படத்தின் கதை முதல் உலகப் போர்க்காலம், 1918. நாயகிக்கு மங்கிய சிவப்பும் மங்கிய நீலமுமாகக் கவசம். கையில் வாள், கேடயம். 1984-இல் நடக்கும் அடுத்த பாகத்தில் சிவப்பும் நீலமும் பளிச்சென்று ஆகிவிட்டன. வாளையும் கேடயத்தையும் காணோம். தங்கக் கயிறும் கைக்காப்பும்தான் மிச்சம்.

“வாள்தான் முதல் படத்திலேயே பொடியாயிருச்சேடா” என்றான் ஒருவன். “அப்ப 2016-ல வந்த ‘பேட்மேன் வி சூப்பர்மேன்’ படத்துல இவளுக்கு எப்படி வாளும் மங்கின டிரெஸ்ஸும் இருக்கு? அந்தக் கதை 84-க்கு எவ்வளவோ வருஷம் கழிச்சு நடக்குதுல்ல?” என்றான் பேரன். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. துணி வெளுக்கும், ஒத்துக்கொள்கிறேன். இடையில் ஒரு தடவை புதுசாகி மறுபடி வெளுக்குமா?

பளிச் நிறத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 1975-இல் தொடங்கிய டிவி தொடரில் லிண்டா கார்ட்டர் போட்டிருந்த உடுப்பைப் பேரன் போனில் காட்டினான். அதுவும் அப்படித்தான் கண்ணைப் பறிக்கிறது. அந்த அம்மாவே இந்தப் படத்தின் கடைசியில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார். என் வருத்தமெல்லாம் இறக்கை வைத்த அந்தத் தங்கக் கவசம்தான். 1996-இல் வந்த ஒரு காமிக்ஸிலிருந்து எடுத்தார்களாம். அதைத் தகடு தகடாகச் சேர்க்க எத்தனை பேர் எத்தனை ராத்திரி கண் விழித்தார்களோ! கடைசிச் சண்டையில் வருகிறது, வந்த வேகத்தில் இறக்கை பிய்ந்துபோகிறது. கல்யாணப் பட்டை முகூர்த்தத்தன்றே கிழித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு படத்துக்கும் உடுப்பு லிண்டி ஹெம்மிங் என்ற அம்மாள். பேட்மேன் கதைக்கு 2005-லும் 2008-லும் அவரேதான். அதற்கும் முன்னால், 1989 பேட்மேனில் நடிகருக்குக் கழுத்தே திரும்பாது; பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்புவார். 2008 படத்தில் பேட்மேனே, தலையைத் திருப்ப வேண்டும், கனம் குறைய வேண்டும் என்று உடுப்பு செய்து கொடுப்பவரிடம் கேட்கிறான். நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் சேர்த்துப் புது உடுப்பு வருகிறது. ஆனால் கத்திக்குத்துக்கு முன்னைப்போலத் தாங்காது என்றும் சொல்லித்தான் கொடுக்கிறார். ‘அக்குள் பிடிக்குதுண்ணே’ என்று வருபவருக்குப் பிரித்து விட்டுக் கொடுக்கும்போது நாங்கள் சொல்வதும் அதுதானே! உடுப்பு ஏன் மாறியது என்று கதைக்குள்ளேயே பதில் இருப்பதால், அந்த மாற்றத்தை என் திண்ணைப் பையன்கள் குறை சொல்வதே இல்லை.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் வருடா வருடம் வள்ளி திருமணம் நாடகம். ராஜபார்ட்டுக்கு வேடன் கோட்டு நான்தான் தைப்பேன், பச்சை வெல்வெட்டில். ஒரு வருடம் பச்சை கிடைக்காமல் அரக்கு நிறத்தில் தைத்துக் கொடுத்துவிட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேடன் மேடையேறிப் பாட்டெடுக்கிறார், முன்வரிசையில் ஒரு அப்பத்தா, “போன வருசம் வந்த வேடன் வரலையா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். நடிகரும் அவரே, குரலும் அதே குரல். ஆர்மோனியக்காரர் சிரித்ததில் சுதி போய்விட்டது.

சாமி காரியத்தைச் சினிமாவோடு சேர்க்கிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம். சித்திரா பௌர்ணமி விடியலில் வைகைக் கரையில் நிற்கும் கூட்டத்தில், அழகர் என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்று கேட்காதவர் யார்? பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும் என்று சந்தோஷப்படுவார்கள். சிவப்பு என்றால் முகம் வாடுவார்கள். அதை வேலையற்ற வேலை என்று நீங்கள் எழுத மாட்டீர்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் விமர்சனங்களில் இசை யார், கேமரா யார், எடிட்டிங் யார் என்று போடுகிறீர்கள். உடுப்பு யார் என்பதையும் ஒரு வரி போடுங்கள். பேரனின் வாள் கேள்விக்கு விடை தெரிந்த வாசகர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதட்டும். சண்டை முடிகிற வழியைக் காணோம், திண்ணைக்கு டீ வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரர்,
முனிச்சாலை, மதுரை.