கிழக்குத் திமோர் குறித்த 1975-ஆம் ஆண்டுக் கோப்புகளைத் திறந்துவிடக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி.

பெறுநர்:
வெளியுறவுச் செயலர் அவர்கள்,
வெளியுறவு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஐ.நா. பொதுச்சபையில் 12.12.1975 அன்று இந்தியா அளித்த வாக்கு தொடர்பான கோப்புகளை ஆய்வாளர்கள் பார்வைக்குத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு தரும் உரிமையில் இந்த மனுவைத் தமிழிலேயே அனுப்புகிறேன்.

தென்கிழக்கு ஆசியாவில் போர்த்துகலின் காலனியாக இருந்த கிழக்குத் திமோர், 28.11.1975 அன்று தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. ஒன்பதே நாளில், டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியப் படை தலைநகர் டிலியில் இறங்கியது. அடுத்த ஜூலையில் அந்த நாடு இந்தோனேசியாவின் 27-ஆவது மாகாணம் ஆக்கப்பட்டது. 1999-இல் 78.5 விழுக்காட்டினர் விடுதலைக்கு வாக்களித்த பிறகுதான் படை வெளியேறியது. இடைப்பட்ட காலத்தில் கொலையாலும், அதைவிடப் பல மடங்கு பசியாலும் நோயாலும், குறைந்தது ஒரு லட்சம் பேர் மாண்டதாக அந்நாட்டு உண்மை ஆணையம் மதிப்பிட்டது.

படை இறங்கிய ஐந்தாம் நாள், அந்த ஊடுருவலைக் கண்டித்துப் படையைத் திரும்பப் பெறச் சொன்ன 3485-ஆம் தீர்மானம் பொதுச்சபையில் 72 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை பத்தே நாடுகள். அவற்றில் இந்தியாவும் ஒன்று. 43 நாடுகள் நடுநிலை வகித்தன. நாமும் பேசாமல் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். காலனி ஆட்சியை எதிர்ப்பதில் முன்னணியில் நின்ற நாடு ஏன் எதிர்த்து வாக்களித்தது? கோவாவிலிருந்து போர்த்துகலை விரட்டிய அனுபவமா, ஜகார்த்தாவுடனான நட்பா, வேறு கணக்கா? அப்போது இங்கே நெருக்கடி நிலை. தில்லியைக் கேள்வி கேட்கப் பத்திரிகைகளுக்கு வாய் இல்லை. சரி, இப்போது கேட்கலாம் அல்லவா?

படையெடுப்புக்கு முந்தைய நாள் ஜகார்த்தாவில் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவிடம் பேசியதன் பதிவை அமெரிக்காவே 2001-இல் வெளியே விட்டுவிட்டது. அவர்களுக்கு அது பெருமை சேர்க்கும் பதிவும் அல்ல.

2024-இல் நம் குடியரசுத் தலைவர் டிலிக்குச் சென்று அந்நாட்டின் உயரிய விருதைப் பெற்றார். உறவு நன்றாக இருக்கும் இந்த நேரத்தில் பழைய கோப்பைத் திறப்பதால் யாருக்கும் சங்கடம் வராது.

ஆகவே, நியூயார்க்கில் இருந்த நம் தூதுக்குழுவுக்கு அனுப்பப்பட்ட அறிவுறுத்தல்கள், ஜகார்த்தா தூதரகத்தின் தந்திகள், அமைச்சகக் குறிப்புகள் ஆகியவற்றின் இரகசியத் தகுதியை நீக்கி, 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டப்படி தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டுகிறேன். ஏதேனும் ஒரு தாளை மறுப்பதானால், எந்தச் சட்டப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)